தொடர்புக்குப் பதினேழு பேர்

எங்கள் மையத்து மென்பொருளுக்கு ஆவணம் எழுதவேண்டும், எழுதப்போவது நீதான் என்று தலைவர் ராமகிருஷ்ணன் சார் சொன்னபோது, ஏன் நான் என்று கேட்டேன். "உன் கையெழுத்து அழகா இருக்கும்மா" என்றார். கணினியில் அடிக்கவேண்டிய ஆவணத்துக்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவரிடம் கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதில் ஒரு குழு அமைத்துவிடுவார்.

நான் அருணாதேவி. திருவண்ணாமலையில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் முன்மேசை. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, எடை பார்த்து, கட்டில் எண் சொல்லி உள்ளே அனுப்புவது என் வேலை. இடையிடையே திட்டுவதும் உண்டு. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

சிறுநீரகம் கைவிட்டுவிட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாகவேண்டும். அந்த ரத்தத்துக்குப் பௌர்ணமி, அமாவாசை எதுவும் தெரியாது. எங்கள் ஊருக்கோ பௌர்ணமியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அன்றைக்கு மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆட்டோ ஒரு அடி நகராது. நடக்கத் தெம்பிருப்பவர்களுக்குப் பதினான்கு கிலோமீட்டர் புண்ணியம். தெம்பில்லாதவர்களுக்கு ஒரு கிலோமீட்டருக்குக்கூட வழியில்லை.

அதனால் பௌர்ணமியன்று முறை உள்ள நோயாளிகளை முதல்நாளே வரச்சொல்லிவிடுவோம். எந்தச் சாலையை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று போலீஸ் அறிவித்தபிறகுதான் யாருக்கு எந்த நேரம் என்பது முடிவாகும். அதற்குப்பின் அவசர அவசரமாக ஒவ்வொருவருக்கும் தகவல் போகவேண்டும். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாலாஜி ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தான். நேரம் குறிப்பது, மாற்றுவது, குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் அதுவே செய்யும். 'முறை' என்று பெயர் வைத்தான். காசு வாங்கவில்லை. போதாததற்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று மொத்த நிரலையும் இணையத்தில் திறந்துபோட்டுவிட்டான்.

"சும்மா குடுக்கறானா? அப்ப சரக்கு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்" என்று ராமகிருஷ்ணன் சார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நாலு வருஷம் கழித்துப் பக்கத்து மாவட்டத்து மருத்துவமனை ஒன்று அந்தச் சரக்கைத் தாங்களும் எடுத்துக்கொள்ள விரும்பி இரண்டு கேள்வி அனுப்பியது. இந்த மென்பொருள் எந்தெந்த வெளிச் சேவைகளை நம்பி ஓடுகிறது? அவற்றில் ஒன்று நின்றுபோனால் யாரைக் கூப்பிடவேண்டும்? நியாயமான கேள்விகள். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்விகள்.

பாலாஜி ரமணாசிரமத்துக்குப் பின்சந்தில் மாடியறையில் குடியிருந்தான். இருபத்தெட்டு வயது, சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவன். அங்கே போய் நோட்டைத் திறந்தேன்.

"எல்லாம் கோட்லயே இருக்குக்கா" என்றான்.

"எங்க இருக்கு?"

"படிச்சா தெரியும்."

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா உங்கிட்ட எதுக்குடா வரேன்? சர்வர் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"இணைய முகவரி?"

"என் பேர்ல."

"மெசேஜ் அனுப்புற கம்பெனில கணக்கு?"

"என் பேர்ல. சரிபார்க்கக் கேக்கற கோடு நம்பர் என் போனுக்குத்தான் வரும்."

"நீ நாளைக்கே லாரில அடிபட்டுப் போயிட்டா?"

"காலங்காத்தால நல்ல வார்த்தையா பேசுங்கக்கா."

"சரி, பௌர்ணமி எப்பன்னு இதுக்கு யாரு சொல்றா?"

"நான்தான் மாசாமாசம் அடிச்சு விடறேன்."

"உனக்கு யாரு சொல்றா?"

"கீழ டீக்கடைல காலண்டர் மாட்டியிருக்கே."

எழுதிக்கொண்டேன். வெளிச் சேவை நாலு: டீக்கடை நாட்காட்டி. தொடர்புக்கு: டீ மாஸ்டர். அந்த மருத்துவமனைக்காரர்கள் இதைப் படித்தால் மூர்ச்சையாகிவிடுவார்கள் என்று நினைத்து, பிறகு அடித்துவிட்டு 'பஞ்சாங்கம்' என்று கௌரவமாக மாற்றினேன்.

"அப்புறம்க்கா, நம்ம பேஷன்டுங்கள்ல சில பேருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வெளிச் சேவைய மட்டும் சொல்லு. கதை வேணாம். எனக்கு மதிய ஷிப்டு இருக்கு."

வாயை மூடிக்கொண்டான். மூடினவன் நான் கிளம்பும்போது திறந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் இருபத்தொரு நாள் மௌனம் இருக்கப்போவதாகச் சொன்னான். செங்கம் ரோட்டில் ஒரு மௌனக் கூடம் இருக்கிறது. அங்கே பேசக்கூடாது, எழுதக்கூடாது, போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சென்னையில் மீட்டிங் மீட்டிங்காகப் பேசிக் களைத்த பிள்ளைகள் இங்கே வந்து வாயை மூடிக்கொண்டு உட்காருவது எங்கள் ஊரில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாலு சேவைக்கும் ஒரே ஆள்தான் தொடர்பு, அந்த ஆள் பேசமாட்டான் என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாவதா ஒரு பேர் வேணும்டா."

"கமிட்டில கேட்டுப் போட்டுக்கோங்கக்கா. என் வரிய நானே எழுதி உங்களுக்கு அனுப்பிடறேன்."

அனுப்பினான். பட்டியலிலேயே அவனுடைய வரிதான் நீளம், மூன்று வரிக்கு ஓடியது. ஏதோ ஒரு தரைவழித் தொலைபேசி எண், ஏதோ ஒரு குறிப்பு. அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

கமிட்டி வேங்கிக்காலில் ராமகிருஷ்ணன் சார் வீட்டு ஹாலில் கூடியது. தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தார்.

"இதுல தலைவர் பேரையே காணோமே?"

"சார், இது ஏதாவது நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடணும்னு போடற லிஸ்ட்டு."

"நின்னுபோச்சுன்னா தலைவர்தானம்மா பொறுப்பு? நாளைக்கு வெளியூர்க்காரன் பாத்தா என்னா நெனைப்பான்? தலைவரே இல்லாத ஸ்தாபனமான்னு கேப்பான்."

முதல் பெயர் ஏறியது. தலைவர் ஏறினால் செயலாளர் சும்மா இருப்பாரா? செயலாளர் ஏறினால் பொருளாளர்? எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மணமக்கள் பெயர் எழுத இரண்டு நிமிஷம், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று கீழே போடும் பெயர்களுக்கு இரண்டு நாள். பெரியப்பா பெயர் இருந்து சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அப்புறம் சாவுக்குக்கூட வரமாட்டார்கள். பத்திரிகையில் பெயர் இருப்பவர் பந்தலுக்குக் கால் நடவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெயர் மரியாதைக்கு. அதே கையோடு அதே மரியாதையை எங்கள் ஆவணத்துக்கும் செய்தார்கள். இரண்டு உபயதாரர்கள் ஏறினார்கள். மருந்து சகாய விலையில் தருகிற கடைக்காரர் ஏறினார். கட்டில் வாங்கிக் கொடுத்தவர், அந்தக் கட்டிலை இறக்க வண்டி கொடுத்தவர் எல்லோரும் ஏறினார்கள். கடைசியில் ராமகிருஷ்ணன் சாரின் வேலூர் சம்பந்தி. அவர் எதற்கு என்று நான் பார்த்த பார்வைக்கு, "மனுஷர் ரொம்ப விஷயம் தெரிஞ்சவரும்மா" என்று பதில் வந்தது.

எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர். மரியாதை வரிசைப்படி.

"ஒரே பக்கத்துல வரணும். ரெண்டு பக்கம் போனா எவனும் படிக்கமாட்டான்" என்றார் தலைவர்.

"வரலை சார். மூணு வரி ஜாஸ்தியா இருக்கு."

"யாருது அது, மூணு வரிக்கு?"

"பாலாஜியோடது."

"அதை எடுத்துடு. நம்ம வீட்டுப் பிள்ளை, கோவிச்சுக்கமாட்டான். அதுவுமில்லாம, அவன்தான் வாயே திறக்கமாட்டானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நான் தப்பிக்கலாம், ஆனால் அந்த மூன்று வரியை முழுதாகப் படிக்காமலேயே அழித்தது என் விரல்தான். பக்கம் அச்சாக ஒன்றில் அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

இணையத்தில் ஏற்றினோம். இத்தனை பெரிய ஆதரவுக் குழுவா என்று அந்த மருத்துவமனை வியந்து எழுதியது. ராமகிருஷ்ணன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியலைப் பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து, பலகையில் ஒட்டி, மையத்துக்குள் கட்டில்களுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டார். நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்கும் நோயாளிகளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டாமா?

பாலாஜி மௌனத்தில் உட்கார்ந்து பதினெட்டு நாள் போயிற்று. வியாழக்கிழமை பௌர்ணமி. புதன் மதியம் இரண்டு மணியோடு சாலைகளை அடைப்பதாகப் போலீஸ் சொல்லிவிட்டது. புதனன்று எங்களுக்கு வழக்கமான ஆட்கள் கிடையாது, அதனால் வியாழக்கிழமை ஆட்கள் இருபத்திரண்டு பேரும் புதன் காலையிலேயே வரவேண்டும். செவ்வாய் மாலை நேரமெல்லாம் குறித்து, அனுப்பு என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன் காலை எட்டு மணிக்கு ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை. திரையைப் பார்த்தேன். சிவப்பில் ஒரு வரி நின்றது. வருடாந்திரச் சரிபார்ப்பு முடியவில்லை, செய்தி எதுவும் அனுப்பப்படவில்லை. குறுஞ்செய்திக் கம்பெனி கோடு எண் கேட்கிறது. கோடு எண் பாலாஜியின் போனுக்குப் போயிருக்கிறது. போன் லாக்கரில் தவம் செய்கிறது.

சரி, ஆவணம் எதற்கு இருக்கிறது? எழுந்துபோய் என் சொந்த ஆவணத்தின் முன்னால் நின்று முதல் எண்ணைக் கூப்பிட்டேன்.

"நெட்டு போச்சா? ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாரும்மா" என்றார் ராமகிருஷ்ணன் சார்.

"நெட்டு இல்ல சார், சரிபார்ப்பு. உங்க பேர்தான் முதல்ல இருக்கு."

"என் பேரு மேற்பார்வைக்கும்மா. கீழ இருக்கறவங்களைக் கேளு."

கீழே இருக்கிறவரைக் கேட்டேன். அன்னதானத்துக்கு சாம்பார் சாதமா புளிசாதமா என்று பஞ்சாயத்து நடக்கிறதாம், முடிந்ததும் கூப்பிடுகிறாராம். மூன்றாமவர், "லிஸ்ட்டுல என் பேரு இருக்கா? அடடா, ரொம்ப சந்தோஷம்மா! ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்" என்றார். வண்டி கொடுத்தவர் வண்டி எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டார். வேலூர் சம்பந்தி, குழந்தைகளெல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தார். யாருடைய குழந்தைகள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீதிப்பேர் எடுக்கவேயில்லை. ஒன்பது மணி ஆகிவிட்டது. எனக்கு வாயில் நன்றாக வந்தது. நோயாளிகள் முன்னால் சொல்லக்கூடாது. ஆனால் நோயாளிகள்தான் ஒருத்தரும் வரவில்லையே, சொல்லிக்கொண்டேன்.

பதிவேட்டை எடுத்துக் கையாலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். பத்து மணிக்குள் இருபத்தொரு பேர் கிடைத்துவிட்டார்கள், திட்டிக்கொண்டே கிளம்பினார்கள். இருபத்திரண்டாவது பெயர் சடையன். எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். அப்புறம்தான் அந்த எண்ணை ஒழுங்காகப் பார்த்தேன். பாலாஜியின் எண்.

சடையன் கல்லேரிப்பட்டு பக்கத்தில் காணி வைத்துப் பயிர் செய்தவர், அறுபதை நெருங்குகிறவர். திங்களும் வியாழனும் வருவார், நாலாம் கட்டில். வந்தால் வணக்கம், போனால் வணக்கம், நடுவில் பேச்சில்லை. திங்கட்கிழமை கிளம்பும்போது, "என் மொற எப்பம்மா?" என்று கேட்டார். "தகவல் வரும், போங்க" என்றேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"அவர் இன்னிக்கு வரலைன்னா என்னாகும்?" என்று நர்ஸ் பொன்னியைக் கேட்டேன்.

"நாளைக்கு ரோடு இல்ல. வெள்ளி, சனி மெஷின் எல்லாம் ஃபுல்லு. அடுத்தது திங்கக்கெழமதான். ஏழு நாள் தாங்கமாட்டாருக்கா. போனமாசமே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கினுதானே வந்தாரு?"

பதிவில் முகவரி என்று 'ஏரிக்கரை, கல்லேரிப்பட்டு' என்பதற்குமேல் ஒரு எழுத்து இல்லை. அந்த ஏரியின் கரை நாலு கிலோமீட்டர். ஸ்கூட்டியை எடுத்தேன்.

மௌனக் கூடத்து வாசலில் வெள்ளை உடை உடுத்திய ஒருவர் என்னைப் பார்த்ததும் புன்னகைத்து, ஒரு சிலேட்டில் மெதுவாக, அழகாக எழுதிக் காட்டினார்: 'அன்பரே, இங்கே சொற்கள் இல்லை.'

"எழுதத் தெரியுதில்ல? பாலாஜியக் கூப்பிடுன்னு எழுதுங்க" என்றேன். அவர் மறுபடி புன்னகைத்தார். அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் தாடியோடு பாலாஜி.

"பாலாஜி!"

ஒருத்தரும் அசையவில்லை. சத்தம் கேட்டால் அசையாமலிருப்பதுதான் அங்கே பயிற்சி போலிருக்கிறது.

"டேய், சடையன் ஐயாவுக்கு நாளைக்கு முறைடா! ரோடு அடைக்கறாங்க. அவருக்குத் தகவல் போகல!"

கண்ணைத் திறந்தான். பதினெட்டு நாள் பூட்டிக்கிடந்த தொண்டை கரகரவென்று திறந்தது. "அவருக்குப் போனே கிடையாதுக்கா! நான்தான் நேர்ல போய்ச் சொல்லுவேன். என் வரில எழுதியிருந்தேனே? அவரு வீட்டுக்கு வழி, இந்தக் கூடத்து நம்பர், எந்நேரமா இருந்தாலும் என்னை எழுப்பச் சொல்லியிருக்கேன்னு... எல்லாம் போட்டிருந்தேனே?"

எழுந்து லாக்கர் பக்கம் நடந்தான், நான் பின்னாலேயே ஓடினேன்.

"நேத்தெல்லாம் போன் வரும்னு காத்திருந்தேன். வரலை. நீங்களே ஆள் அனுப்பிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றான்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

"இப்ப அவர் ஒருத்தர்தான். ஆரம்பத்துல நாலு பேர் இருந்தாங்க."

மற்ற மூன்று பேரை, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, நான்தான் பதிவேட்டிலிருந்து சிவப்பு மையில் அடித்திருந்தேன். நாலு வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்னால் இவன் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறான். எங்கள் மென்பொருள் எத்தனை துல்லியமாக வேலை செய்கிறது என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

லாக்கரிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, கோடு எண்ணை அடித்து, வெள்ளை வேட்டியோடு ஸ்கூட்டியை அவனே ஓட்டினான். வழியெல்லாம் இரும்புத் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லேரிப்பட்டு போய், ஏரிக்கரை ஏறி, கருவேலம் புதருக்குள் ஒரு தடத்தில் திரும்பினான். அவன் இல்லாமல் நான் சாயங்காலம் வரைக்கும் தேடியிருப்பேன்.

ஒரு கூரைக் கொட்டாய் வாசலில் புங்கமரத்தடியில் கயிற்றுக்கட்டில். சடையன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு.

"வந்துட்டியா தம்பி" என்றார். இரண்டு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

எனக்கு இருந்த பயமெல்லாம் கோபமாகத்தான் வந்தது. "ஏங்க, நாளைக்குப் பௌர்ணமின்னு உங்களுக்குத் தெரியாதா? முன்கூட்டியே வரணும்னு தெரியுமில்ல? நீங்களே பஸ் ஏறி வந்திருக்கக்கூடாதா?"

"தெரியும்மா. காத்தாலயே குளிச்சிட்டு சட்ட போட்டுக்கினு உக்காந்தேன். ஆனா என் பேரத்தான் எடுத்துட்டீங்களே?"

"யாரு எடுத்தா?"

"செவுத்துல புதுசா பேரு மாட்டிக்கீறீங்கல்ல, அதுல. பதினஞ்சு நாளா படுத்துகினு அதத்தான் பாத்துகினு கீறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. திங்கக்கெழம பக்கத்துக் கட்டில் ஆள கேட்டேன், இதுல சடையன்னு கீதா பாருன்னு. இல்லன்னாரு. சரி, மெஷினு கம்மி, ஜனம் ஜாஸ்தி, யாரையாச்சும் எடுக்கத்தானே வேணும்னு நெனச்சிகினேன். இருந்தாலும் தம்பி வந்து சொல்லும்னு நேத்து பொழுதுக்கும் பாத்தேன். தம்பியும் வரல. சரியாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பதினேழு பெரிய மனிதர்கள் தங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் என்று சண்டை போட்ட பட்டியலை, இந்த மனிதர் இன்னும் வாழ அனுமதி பெற்றவர்களின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு, அதில் தன் பெயர் இல்லை என்பதை ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார். முன்மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் கேட்கவில்லை.

பாலாஜி சொம்பை எடுத்துப் பார்த்தான். காலி.

"எவ்ளோ குடிச்சீங்க?"

சடையன் முதல்தடவையாகச் சிரித்தார், திருட்டுத்தனமாக. டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு. தாகம் எடுத்தால் வாயை நனைத்துத் துப்பவேண்டும்.

"மூணு சொம்பு தம்பி. அஞ்சு வருசமாச்சுல்ல, வயிறு நெறைய தண்ணி குடிச்சு? பேருதான் இல்லன்னு ஆயிடுச்சே, இனிமே இன்னாத்துக்கு வாயக் கட்டணும்னு குடிச்சுட்டேன். நல்லா இருந்துச்சு."

பாலாஜி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி நின்றான். நான் அவரை எழுப்பினேன். "பேர் இருக்குங்கய்யா. அது வேற லிஸ்ட்டு. அது எதுக்கும் உதவாத லிஸ்ட்டு. எழுந்திருங்க" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் முயன்றேன், அழுகைதான் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாலாஜி ஓட்ட, அவரை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதல் தடுப்பில் போலீஸ்காரர் மறித்தார். ஒரே ஸ்கூட்டியில் மூன்று பேர், ஓட்டுகிறவன் சாமியார் மாதிரி தாடியோடு. என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தவர், நடுவில் இருப்பவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தடுப்பைத் தானே இழுத்து வழிவிட்டார். அந்த ஆளின் எண் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு மையத்துக்குள் நுழைந்தோம். அவரைக் கட்டிலில் இறக்கும் நேரம் பார்த்து, கம்பெனிக்கு ஞானம் பிறந்து, நேற்று மாலையிலிருந்து தேங்கிக்கிடந்த செய்திகளையெல்லாம் மொத்தமாக அவிழ்த்துவிட்டது. ஏற்கெனவே இயந்திரத்தில் படுத்திருந்தவர்கள், காத்துக்கொண்டிருந்தவர்கள் என்று இருபத்தொரு பேரின் போன்களும் ஒன்றாகக் கத்தின: 'புதன் காலையே மையத்துக்கு வரவும்.' இருபத்திரண்டாவது பாலாஜியின் மடியில் கத்தியது.

பொன்னி எடை பார்த்தாள். இருக்கவேண்டியதைவிட ஐந்தரைக் கிலோ கூடுதல். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆக்சிஜன் வைத்தாள். ஊசி ஏறியது, இயந்திரம் சுற்றியது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்து பலகையைக் கழற்றி இறக்கினேன். அப்போது பார்த்து, பதினேழு பேரில் முதலாமவர் அன்றைக்கு முதல்தடவையாகத் தாமாகவே என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, பிரச்சனையெல்லாம் தீர்ந்துதா? நாளைக்கு உபயதாரர் கிரிவலம் முடிச்சுட்டு மையத்துக்கு வரேன்னிருக்காரு. பலகைய நல்லா தொடச்சு வை."

"பலகை இல்லீங்க சார். கழட்டிட்டேன்."

"கழட்டிட்டியா? யாரைக் கேட்டு?"

"பதினேழு பேரையும் கூப்பிட்டுப் பாத்தேன் சார். ஒருத்தராலயும் ஒண்ணும் ஆகலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். போகவில்லை, விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சடையனின் மூச்சு அடங்கிச் சீரானது. வெளியே ஜனம் அரோகரா போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. பாலாஜி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தான். நான் குழாய்களைப் பார்ப்பதுபோல அவர் பக்கத்தில் நின்றேன். சடையன் ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"அடுத்த மொற எப்பம்மா?"

"திங்கக்கெழமைங்க. காலைல எட்டு மணி. நாலாம் கட்டில்."

விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப சரி. இனிமே தண்ணி கம்மியா குடிச்சுக்கிறேன்" என்றார்.